மணல் இல்லாத கடற்கரைக்கு ஒரு கோரைப்பாய்

செப்டம்பர் 5, 2025, வெள்ளி: ஆற்காடு, வந்தவாசி வழியாக

வேலூரைப் பற்றி ஒரு பழைய கேலி உண்டு. தண்ணீர் இல்லாத ஆறு, மரம் இல்லாத மலை, ராஜா இல்லாத கோட்டை, சாமி இல்லாத கோயில். 1981-இல் ஜலகண்டேஸ்வரரைக் கோட்டைக் கோயிலுக்குள் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள், அதனால் கடைசி ஒன்றை அடித்துவிட வேண்டும் என்பது என் அப்பாவின் கட்சி. மற்ற மூன்றும் அப்படியேதான் இருக்கின்றன. இப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்குக் கடல் என்றால் ஒரு பைத்தியம் இருக்கும்தானே. மீலாது நபி விடுமுறை வெள்ளிக்கிழமையில் வந்ததும், மூன்று நாள் புதுச்சேரி என்று முடிவாகிவிட்டது.

ஐந்து பேர் உட்காரும் காரில் ஆறு பேர். நான், இவர், ஆறாவது படிக்கும் மகள், யூகேஜி மகன், என் மாமியார், ஆற்காட்டில் ஏறிக்கொள்ள வேண்டிய என் அப்பா. மகன் யார் மடியில் என்ற சண்டை மேல்விஷாரம் வரை ஓடியது.

அத்தை இதற்கு முன் கடலை இரண்டு முறை பார்த்திருக்கிறார். இரண்டும் ராமேஸ்வரம். ஒன்று அவருடைய மாமனாரின் காரியத்துக்கு, இன்னொன்று மாமாவின் காரியத்துக்கு. "சும்மா பாக்கறதுக்குன்னு கடலுக்குப் போறது இதான் முதல் தபா," என்றார். குடியாத்தத்துக்காரர். எங்கே கிளம்பினாலும் புளிசோறு கட்டாமல் படி இறங்க மாட்டார்.

அப்பா ஓய்வுபெற்ற சரித்திர ஆசிரியர். அம்மா போன பிறகு எங்கே கூப்பிட்டாலும் "நீங்க போய்ட்டு வாங்க" என்பவர், இந்த முறை ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: வந்தவாசி வழியாகப் போக வேண்டும். சரி என்றோம். ஆற்காட்டில் அவர் கையில் இரண்டு கிலோ மக்கன் பேடாவோடு நின்றார். குலாப் ஜாமூனைப் போலத்தான் இருக்கும், ஆனால் உள்ளே முந்திரி, திராட்சை என்று ஒரு சின்னப் பலசரக்குக் கடையே இருக்கும். பாகு ஒழுகாமல் கொண்டுபோவது ஒரு கலை. எங்களுக்கு அந்தக் கலை கைவரவில்லை என்பது ஆரணியில் தெரிந்தது.

இன்று ஆசிரியர் தினம் வேறு. அப்பாவின் போன் ஓயவில்லை. ஒரு பழைய மாணவரிடம், "நீ அந்த மேப்பை இன்னும் முடிச்சுக் குடுக்கலையே," என்றார். அந்த மாணவருக்கே அடுத்த வருடம் ரிட்டையர்மெண்ட்.

பாலாற்றங்கரையில் டெல்லி கேட்டைக் காட்டாமல் ஆற்காட்டைத் தாண்ட அப்பா விடமாட்டார். இடிந்துபோன ஆற்காட்டுக் கோட்டையில் மிச்சமிருப்பது இந்த வாசல்தான். 1751-இல் ஆங்கிலேயத் தளபதி கிளைவ் இந்தக் கோட்டைக்குள் ஐம்பது நாள் முற்றுகையில் கிடந்தான். வெளியே, ஆற்காட்டு நவாப் பதவிக்கு மோதிய சந்தா சாகிபின் மகன் ராஜா சாகிப், அவன் பின்னால் பிரெஞ்சுக்காரர்கள். உள்ளே அரிசி தீரும் நிலையில், நம் சிப்பாய்கள் "சோறு வெள்ளைக்காரனுக்கு, வடிச்ச கஞ்சி எங்களுக்குப் போதும்" என்றார்களாம். கதையோ நிஜமோ, அப்பா முப்பது வருடம் வகுப்பில் இதைச் சொல்லி, முடிவில் "முட்டாள்கள்" என்று ஒரு வார்த்தை சேர்ப்பார். இன்று காரிலும் சேர்த்தார்.

ஆரணியில் இட்லி. ஆளுக்கு 60 ரூபாயில் வயிறு நிறைந்தது. சட்னியை மூன்றாவது முறை கேட்டும் பரிமாறியவர் முகம் சுளிக்கவில்லை. அப்பா அங்கேயும் 1751-இல் ஒரு சண்டை நடந்தது என்றார். மகன் உஷாராகி, "இட்லிக்காகவா தாத்தா?" என்று கேட்டான்.

வந்தவாசி. 1760 ஜனவரி 22, அயர் கூட்டின் ஆங்கிலப் படையும் லாலியின் பிரெஞ்சுப் படையும் மோதிய இடம். இந்தியாவை பிரெஞ்சுக்காரன் ஆள்வதா ஆங்கிலேயன் ஆள்வதா என்ற கேள்விக்கு இங்கேதான் விடை எழுதினார்கள் என்று பாடப்புத்தகத்தில் நானும் படித்திருக்கிறேன். போய்ப் பார்த்தால் சரிந்த மதில், முள்ளுச்செடி, மேயும் இரண்டு ஆடுகள். பதினைந்து நிமிடம் அப்பா அங்கேயே நின்றார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. "இதுல இன்னா இருக்குது சம்பந்தி?" என்று அத்தை மரியாதையாகவே கேட்டார். "ஒண்ணும் இல்லீங்க. அதான்," என்றார் அப்பா.

அத்தைக்கு வந்தவாசி என்றால் பாய். கோரைப்பாய்க் கடைக்காரர் பாயை விரித்து முதலில் உட்காரச் சொன்னார், அப்புறம்தான் விலை பேசினார். 480-இல் தொடங்கி 390-இல் முடிந்தது. சிவப்பும் பச்சையும் கோடு போட்டது. "சாயம் போவுமா?" என்று அத்தை கேட்க, "கடல்ல போட்டாக்கூட போவாதும்மா," என்றார் அவர். நாங்கள் எங்கே போகிறோம் என்று யாரும் அவரிடம் சொல்லியிருக்கவில்லை. அத்தை அதை நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டார். சுருட்டிய பாய் காருக்குள் முன் கண்ணாடியிலிருந்து பின் கண்ணாடி வரை நீண்டு கிடந்தது. திண்டிவனம் வரை அதன் ஒரு முனை என் தோளில்.

மதியம் ஒன்றரைக்குப் புதுச்சேரி. கைபேசியில் பதிவு செய்த விடுதி, பெயர் வேண்டாம். "கடல் பார்த்த குடும்ப அறை", ஒரு இரவுக்கு 4,600 ரூபாய். ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டுக் கொடியில் லுங்கி. கேட்டதற்கு, வரவேற்பில் இருந்த பையன் கொஞ்சமும் அசராமல், "மொட்டை மாடிக்கு வாங்க மேடம்," என்று கூட்டிப்போனான். இரண்டு தண்ணீர்த் தொட்டிகளுக்கு நடுவே ஒரு முழ அகலத்துக்கு நீலமாக ஏதோ தெரிந்தது. அதுதான் கடலாம். இவர் சண்டைக்குத் தயாரானார். அத்தை, "வுடுப்பா, நம்ம கால்ல நடந்துபோயே பாத்துக்கலாம்," என்றதால் அதோடு போயிற்று.

மாலை ஆறு மணிக்குமேல் கடற்கரைச் சாலையில் வண்டிகளை விடுவதில்லை. ஆறு முதல் மறுநாள் காலை ஏழரை வரை அது நடக்கிறவர்களின் ராஜ்ஜியம். இந்த ஒன்றுக்காகவே புதுச்சேரியைப் பாராட்டலாம். எங்கள் ஊர் காட்பாடி சாலையில் இப்படி ஒரு மணி நேரம் அறிவித்தாலே கலவரம் வந்துவிடும். அத்தை பாயை அக்குளில் இடுக்கிக்கொண்டு, விரிக்க இடம் தேடி நடந்தார். காந்தி சிலை வரை வந்துவிட்டோம். நின்று எட்டிப்பார்த்தார். கீழே கருங்கல், கருங்கல், கருங்கல். அதில் மோதும் தண்ணீர்.

"இன்னாம்மா இது, மண்ணே இல்ல?"

புதுச்சேரி நகரக் கடற்கரையில் முன்பு மணல் இருந்தது. 1980-களின் கடைசியில் தெற்கே துறைமுகத்துக்குச் சுவர் கட்டியதும், கடலோரமாக வடக்கே நகர்ந்துகொண்டிருந்த மணல் அங்கேயே தங்கிவிட்டது. அலை ஊரை அரிக்கத் தொடங்கியதும் கல்லைக் கொட்டினார்கள். அப்பா இதை விளக்கிக்கொண்டிருக்கும்போதே மகன் கல்மேல் இறங்கிவிட்டான். உடனே விசில். சிவப்புத் தொப்பிக் காவலர் ஓடிவந்தார். உருளையாக, முன்னால் கறுப்பு விளிம்போடு இருக்கும் அந்தத் தொப்பி பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போனது. அவர் திட்டவில்லை. மகனைத் தூக்கி மேலே நிறுத்தி, தொப்பியைக் கழற்றி அவன் தலையில் ஒரு நிமிடம் வைத்துவிட்டு எடுத்துக்கொண்டார். அந்த ஒரு நிமிடத்தைப் படம் பிடிக்க இவர் போனைத் தேடினார். போன் பாகு ஒட்டிய பையில் இருந்தது.

ஏழு மணி இருக்கும். பாயை நடைமேடையில் விரித்து, சுண்டலும் மிளகாய் பஜ்ஜியும் வாங்கி உட்கார்ந்தோம். நாலு பஜ்ஜி 40 ரூபாய். சுற்றி எல்லோரும் வெறுங்கல்லில் உட்கார்ந்திருக்க, நாங்கள் மட்டும் கல்யாண வீட்டுக்காரர்கள் மாதிரி. ஒரு பெங்களூர்க் குடும்பம் பாய் எங்கே வாடகைக்குக் கிடைக்கும் என்று விசாரித்தது. அப்போதுதான் மழை பிடித்தது. தூறல் இல்லை, இடி மழை. ஒதுங்க எதுவும் இல்லை. இவரும் அப்பாவும் பாயை ஆளுக்கொரு முனை தூக்கிப் பிடிக்க, அதற்கடியில் நாங்கள் நாலு பேரும் அந்த பெங்களூர்க் குடும்பத்தின் பாட்டியும் ஓடினோம். ஒரு கடைத் தாழ்வாரத்தை எட்டியபோதுதான் பார்த்தேன், இவருடைய வெள்ளைச் சட்டையில் தோளிலிருந்து இடுப்பு வரை சிவப்பும் பச்சையும் கோடு கோடாக இறங்கியிருந்தது.

"கடல்ல போட்டா போவாதுன்னுதான சொன்னான்," என்றார் அத்தை. "மழையப் பத்தி சொல்லலியே."

செப்டம்பர் 6, சனி: வெள்ளைக்காரத் தெருவும் யவனர் தோப்பும்

காலையில் மணக்குள விநாயகர். வாசலில் நின்று துதிக்கையால் தலையைத் தொட்டுக்கொண்டிருந்த லட்சுமி யானை 2022 நவம்பர் கடைசியில் நடைபயிற்சியின்போது சரிந்து விழுந்து இறந்துபோனது. என் மகள் மூன்று வயதில் அதனிடம் ஆசி வாங்கிய படம் வீட்டில் இருக்கிறது. யானை நின்ற இடத்தை மகனிடம் காட்ட நினைத்தவள், கூட்டத்தில் இடமே பிடிபடாமல் திரும்பிவிட்டாள். உள்ளே நல்ல தரிசனம். நாளை சந்திர கிரகணம், கோயில்களெல்லாம் சீக்கிரம் நடை சாத்திவிடுவார்கள் என்று வரிசையில் யாரோ சொன்னதை அத்தை பிடித்துக்கொண்டார். அந்த நிமிடம் முதல் எங்கள் பயணத்தின் கடிகாரம் அவர் கைக்குப் போனது. "நாளைக்கு ராத்திரி எட்டுக்குள்ள வூட்ல சாப்ட்டு கை கழுவியிருக்கணும்."

கால்வாயைத் தாண்டினால் வெள்ளை நகரம். மஞ்சள் சுவர், வெள்ளை விளிம்பு, காகிதப்பூக் கொடி. ஒவ்வொரு கதவுக்கும் முன்னால் யாரோ ஒரு பெண் துப்பட்டாவைப் பறக்கவிட்டு நிற்க, யாரோ ஒரு பையன் மண்டியிட்டுப் படம் எடுக்கிறான். ஒரு வீட்டுக்காரர் கதவைத் திறந்து வெளியே வர, படம் முடியும்வரை பொறுமையாகக் காத்துவிட்டு ஸ்கூட்டரை எடுத்தார். தினமும் இதே கதிதான் போலிருக்கிறது, பாவம்.

இந்த வீடுகளைப் பார்த்து எல்லோரும் முந்நூறு வருடப் பழமை என்று பேசிக்கொள்வது அப்பாவுக்குப் பொறுக்காது. வந்தவாசியில் தோற்ற அடுத்த வருடம், 1761 ஜனவரியில், புதுச்சேரி ஆங்கிலேயர் கையில் விழுந்தது. அவர்கள் கோட்டையை மட்டுமா இடித்தார்கள், ஊரையே தரைமட்டமாக்கினார்கள். 1763 உடன்படிக்கைக்குப் பிறகு பிரெஞ்சுக்காரர்கள் திரும்பி வந்து மறுபடி கட்டியதுதான் இப்போது நாம் பார்ப்பது. "நேத்து அந்த ஆடு மேஞ்ச இடத்துல நடந்ததுக்கு இங்க வீடு இடிஞ்சுது," என்று மகளிடம் சொன்னார். அவள் முதல்முறையாக நின்று கேட்டாள். எனக்கும், உண்மையைச் சொன்னால், வந்தவாசிக்கும் இந்தத் தெருவுக்கும் ஒரு கயிறு கட்டினாற்போல் இருந்தது அப்போதுதான்.

கடற்கரைச் சாலையின் தெற்குக் கோடியில் துய்ப்ளெக்ஸ் சிலை, 1870-இல் வைத்தது. ஆற்காட்டு நவாப் பதவிக்குத் தன் ஆளை உட்கார வைக்கப் பார்த்த பிரெஞ்சு கவர்னர். அவன் அனுப்பிய படையும் சேர்ந்துதான் 1749-இல் ஆம்பூரில் நவாப் அன்வாருதீனைக் கொன்றது. (மகன்: "பிரியாணிக்காகவா தாத்தா?" இந்த முறை அப்பா "ஆமாம்" என்று சொல்லிவிட்டார்.) 1754-இல் அவனைத் திருப்பி அழைத்துக்கொண்டார்கள். 1763-இல் பாரீசில் கடனாளியாகச் செத்தான். அவனுக்குப் பேச்சை மொழிபெயர்க்கும் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை அன்றாடம் நடந்ததைத் தமிழில் எழுதிவைத்ததால் நமக்கு இவ்வளவும் தெரிகிறது. ராணுவ நடமாட்டம் முதல் வீட்டு விவகாரம் வரை எல்லாவற்றையும் எழுதிய மனிதர். அப்பா சிலையை நிமிர்ந்து பார்த்து, "சண்டை எங்க ஊர்ல, சிலை மட்டும் இங்க," என்றார். தூது வந்த ஆள் பேசுவது மாதிரி இருந்தது.

மதிய உணவுக்கு மகள் பிரெஞ்சுச் சாப்பாடுதான் என்று ஒற்றைக்காலில் நின்றாள். மாமரத்தடியில் இரும்பு நாற்காலி போட்ட ஒரு இடம். காபி 180, குளிர்ந்த காபி 240. க்ரேப் என்று ஒன்று 290 ரூபாய்க்கு வந்தது. அத்தை அதன் ஓரத்தைப் பிய்க்கப் போகும்போது, பரிமாறிய பையன் குனிந்து மெதுவாக, "பாட்டி, இதுல முட்டை இருக்கு. சனிக்கிழமை நீங்க சாப்பிடுவீங்களா?" என்று கேட்டான். அவர் நெற்றியையும் நாளையும் பார்த்து அவனாகவே யோசித்திருக்கிறான். அத்தை கையை எடுத்துக்கொண்டார். அவருக்கு எலுமிச்சை சர்பத் கொண்டுவந்து வைத்தான். பில்லில் அது இல்லை. பில்லில் மற்றது இருந்தது: 2,140 ரூபாய், வயிறு நிறையாமல். "ஆறிப்போன தோசைக்கு முந்நூறா?" என்று அத்தை வெளியே வந்துதான் கேட்டார். அப்பா பாக்கெட்டைத் தடவியபடி, "சோறு வெள்ளைக்காரனுக்கு, கஞ்சி நமக்கு," என்றார். பிறகு மிஷன் வீதிப் பக்கம் ஒரு மெஸ்ஸில் மீன் குழம்புச் சாப்பாடு, 150 ரூபாய். அத்தைக்கு மட்டும் சாம்பார். பகெத் ரொட்டி ஒன்று வாங்கிப் பையில் சொருகிக்கொண்டோம். மறுநாள் வரை மகன் அதை வாளாக வைத்துக்கொண்டு திரிந்தான்.

மூன்று மணிக்கு வெயிலும் புழுக்கமும். வேலூர் வெயில் சுடும், ஆனால் நிழலுக்குப் போனால் விட்டுவிடும். இங்கே நிழலுக்கும் கூடவே வருகிறது.

அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் அரிக்கமேடு. இது அப்பாவின் இரண்டாவது "ஒன்றும் இல்லாத இடம்". தோப்பு, நடுவில் ஒரு பழைய செங்கல் கட்டடத்தின் மிச்சம். அதுகூட ரோமானியருடையது அல்ல, பின்னால் வந்த பாதிரிமார் காலத்தது. 1945-இல் மார்ட்டிமர் வீலர் இங்கே தோண்டியபோது இத்தாலியில் செய்த மண்பாண்டத் துண்டுகள் கிடைத்தன. மதுச்சாடி, மணி, பாசி. இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பு யவனக் கப்பல்கள் சரக்கு ஏற்றிய துறைமுகம் என்பது அப்போதுதான் உலகத்துக்கு உறுதியானது. தோண்டிய குழிகளையெல்லாம் மூடிவிட்டார்கள். மகள் காலால் மண்ணைக் கிளறி ஒரு ஓட்டுச் சில்லை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். அவர் கண்ணாடியை ஏற்றி வெகுநேரம் பார்த்துவிட்டு, "தண்ணிப் பானை. போன வருஷத்தது," என்றார். இருந்தாலும் அதை எடுத்த இடத்திலேயே வைக்கச் சொன்னார்.

படகில் போகும் மணல்தீவுக்கு இரண்டு மணி நேர வரிசை என்றார்கள். அதனால் பக்கத்திலேயே வீராம்பட்டினம் போனோம். மூன்று நாளில் நாங்கள் எடுத்த ஒரே நல்ல முடிவு அதுதான்.

மீனவர் ஊர். செங்கழுநீர் அம்மன் கோயிலின் ஆடித் தேரை பிரெஞ்சு கவர்னர் வந்து வடம் பிடித்துத் தொடங்கிவைப்பார், அந்த வழக்கம் இன்றுவரை ஆளுநர், முதலமைச்சர் என்று தொடர்கிறது. அத்தைக்கு இதைக் கேட்டதும் பிரெஞ்சுக்காரர்கள் மேல் நல்ல அபிப்பிராயம் வந்துவிட்டது. அம்மனைக் கும்பிட்டுவிட்டு வந்தால், எதிரே மணல். நிஜமான மணல். படகுகள், வலை, கருவாட்டு வாசனை, அதற்கப்பால் கடல்.

அத்தை செருப்பைக் கழற்றி, புடவையைக் கணுக்காலுக்கு மேல் தூக்கிச் சொருகிக்கொண்டு நேராக நடந்தார். முதல் அலை காலைத் தொட்டதும் பழக்கதோஷத்தில் கை கூப்பி, கண்ணை மூடி, மூன்று தடவை தண்ணீரை எடுத்துத் தலையில் தெளித்துக்கொண்டார். யாருக்கும் காரியம் இல்லை என்பது அப்புறம் நினைவுக்கு வந்திருக்க வேண்டும். கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து ஒரு மாதிரி வெட்கத்தோடு சிரித்தார். வலை சரிசெய்துகொண்டிருந்த ஒரு அம்மாள், "அந்தப் பக்கம் இழுக்கும், இப்படி வந்து நில்லுங்க," என்று கையைப் பிடித்து இடம் மாற்றி நிறுத்தினார். எந்த ஊர் என்று விசாரித்தார். வேலூர் என்றதும், "சிஎம்சிக்கு வந்திருக்கேன், எங்க வூட்டுக்காரரோட. ஒரு மாசம்," என்றார். எங்கள் ஊரைத் தெரிந்தவர்கள் எல்லோருக்கும் ஆஸ்பத்திரி வழியாகத்தான் தெரியும். "இப்போ எப்படி இருக்கார்?" என்று அத்தை கேட்டார். அந்த அம்மாள் கையை நீட்டினார். கொஞ்ச தூரத்தில் ஒருவர் படகுக்குக் கீழே குனிந்து எதையோ தட்டிக்கொண்டிருந்தார்.

பௌர்ணமிக்கு முந்தின நாள். சூரியன் இறங்குவதற்குள்ளேயே நிலா கடலுக்கு மேலே வந்து நின்றது, வெளுத்த அப்பளம் மாதிரி. இருட்ட இருட்ட மஞ்சளானது. பாயை மணலில் விரித்தோம். நேற்றைய ஈரத்தில் அது ஏற்கனவே ஒரு மாதிரி நாறிக்கொண்டிருந்தது. மகன் கழுத்துவரை நனைந்து பாயில் புரண்டு, சிவப்பும் பச்சையுமாக எழுந்தான்.

செப்டம்பர் 7, ஞாயிறு: கிரகணத்துக்குள் வீடு

ஆறு மணிக்கு முன்னே அத்தை எழுப்பினார். தலைமைச் செயலகத்துக்கு எதிரே கொஞ்சம் மணல் திரும்பியிருக்கிறது. கடலுக்கடியில் எஃகுத் தடுப்பு இறக்கி, மணல் கொட்டி மீட்ட திட்டு. குளிக்க விடமாட்டார்கள், கால் நனைக்கலாம். அத்தைக்கு வேண்டியது வேறு. கிரகணம் விட்டதும் தலைக்கு ஊற்றக் கடல் தண்ணீர். டீக்கடைக்காரர் ஒரு இரண்டு லிட்டர் குளிர்பான பாட்டிலைக் கழுவியே கொடுத்தார், காசு வாங்கவில்லை. இவர் பாண்ட்டை மடித்துவிட்டு இறங்கி நிரப்பினார்.

அங்கே பெஞ்சில் எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒருவர் அப்பாவோடு பேச்சுக்கொடுத்தார். பிரெஞ்சு ராணுவத்தில் பதினைந்து வருடம் இருந்தவர். இங்கே இவர்களை சொல்தா என்கிறார்கள். பென்ஷன் பிரான்சிலிருந்து வருகிறது, அந்த நாட்டுத் தேர்தலுக்கு இங்கேயே ஓட்டுப் போடுகிறார், முருங்கைக்கீரை வாங்க மார்க்கெட் போகிறார். "உங்களுக்கு ஒரு சுதந்திர நாள், எங்களுக்கு மூணு," என்றார். 1947 ஆகஸ்ட் 15 எல்லோருக்கும். 1954 நவம்பர் 1 ஆட்சி கைமாறிய நாள். 1962 ஆகஸ்ட் 16 சட்டப்படி கைமாறிய நாள். 1954 அக்டோபரில் கீழூரில் வாக்கெடுப்பு: மக்கள் பிரதிநிதிகள் 178 பேரில் 170 பேர் இந்தியாவோடு சேரலாம் என்றார்கள். "அந்த எட்டு பேர்ல உங்க சொந்தக்காரங்க யாராவது?" என்று அப்பா கேட்டுவிட்டார். நான் நாக்கைக் கடித்தேன். அவர் வாய்விட்டுச் சிரித்து, அப்பாவுக்கு இன்னொரு டீ சொன்னார். ஒரு மணி நேரம் போனதே தெரியவில்லை. இரண்டு வருடத்தில் அப்பா முன்பின் தெரியாத ஒருவரோடு இவ்வளவு பேசி நான் பார்க்கவில்லை.

பாரதியார் 1908 முதல் 1918 வரை இருந்த ஊர். அவர் வீட்டுக்குப் போகலாம் என்றால் கிரகணக் கடிகாரம் விடவில்லை. காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் அரை மணி: மகளுக்கு 150-க்கு ஒரு சட்டை, இவருக்கு 200-க்கு ஒன்று, பாழான வெள்ளைக்குப் பதிலாக. புது சட்டை கருநீலம். பாய்க்குப் பயந்து.

ஊரைத் தாண்டும் முன் டேங்க்கை நிரப்பினோம். பெட்ரோல் நம் ஊரைவிட லிட்டருக்கு ஐந்து ரூபாய் போலக் குறைவு. இவர் அந்த லாபத்தில் 2,140 ரூபாயைக் கழித்துக் கழித்துப் பார்த்தார்.

எல்லை தாண்டிய கொஞ்ச தூரத்தில் மதுவிலக்குச் சோதனை. முன்னால் பத்து கார்கள். எங்கள் முறை வந்தது. "பாட்டில் ஏதாவது இருக்கா சார்?" "இல்லீங்க." காவலர் உள்ளே எட்டிப்பார்த்தார். காரின் நீளத்துக்கு ஒரு பாய் உருட்டு. தட்டிப்பார்த்தார். உள்ளே கடகடவென்று சத்தம். பாட்டில் உருளாமல் இருக்கட்டும் என்று அத்தை அதைச் செய்தித்தாளில் சுற்றிப் பாய்க்குள் வைத்திருக்கிறார். எங்களில் யாருக்கும் தெரியாது.

ஓரமாக நிறுத்தச் சொன்னார்கள். சாலையோரத்தில் வந்தவாசிப் பாய் விரிந்தது. பாட்டில் வெளியே வந்தது. மூடியைத் திறந்து அவர் முகர்ந்தார். இன்னொரு முறை முகர்ந்தார். "இது என்னம்மா?" "கெரகணத்துக்குக் கடல் தண்ணிப்பா. மோந்து பாக்காத, எச்சிலாயிடப் போவுது," என்றார் அத்தை. இரண்டாவது காவலர் திரும்பிக்கொண்டார், தோள் குலுங்குவது தெரிந்தது. முதலாமவர் மூடியை இறுக்கி இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். "எங்க வீட்லயும் கேட்டாங்கம்மா. எனக்குத்தான் டூட்டி," என்றார். அத்தை யோசித்தார். அங்கேயே ஒரு காலி தண்ணீர் பாட்டிலைத் தேடி, கால் பங்கை அவருக்கு ஊற்றிக் கொடுத்தார்.

கார் கிளம்பிய பிறகு அப்பா சொன்னார்: "பாரதியாரையும் இப்படித்தான், 1918-ல புதுச்சேரி எல்லையைத் தாண்டினதும் கடலூர் கிட்ட பிடிச்சாங்க." ரொம்ப நேரமாக அடக்கிவைத்திருந்தார் போல.

வேலூர் வந்தபோது ஏழரை. தோசை வார்த்து எட்டுக்குள் கை கழுவினோம். அப்பாவை ஆற்காட்டில் இறக்கிவிட அத்தை சம்மதிக்கவில்லை. "கெரகண ராத்திரி ஒண்டியாவா?" என்று கேட்டு எங்களோடு கூட்டிவந்துவிட்டார்.

9.57-க்கு ஓரம் கடிபடத் தொடங்கியது. மொட்டை மாடியில் அதே பாய். மேகம் மறைப்பதும் விலகுவதுமாக இருந்தது. அப்பா டார்ச், பந்து, மகனின் தலை மூன்றையும் வைத்துச் சூரியன், பூமி, சந்திரன் காட்டினார். பதினோரு மணிக்கு நிலா முழுக்கச் செம்பு நிறமானது. 82 நிமிடம் அப்படியே இருக்கும் என்றார் அப்பா. அத்தை படிக்கட்டில் முதுகைக் காட்டி உட்கார்ந்து கந்த சஷ்டி சொல்லிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு முறை மட்டும் திரும்பிப் பார்த்தார்.

மகனுக்குப் பசி. விடியும்வரை வாயில் எதுவும் படக்கூடாது என்பது அத்தையின் சட்டம். பாதி இருட்டில் அப்பாவின் கை மக்கன் பேடா டப்பாவுக்குப் போவதையும், அவன் கன்னம் உப்புவதையும் நான் பார்த்தேன். சஷ்டி ஒரு கணம் நின்று, மறுபடி தொடர்ந்தது.

1.26-க்கு எல்லாம் விட்டது. கீழே குளியலறையில் வாளி நிறையும் சத்தம். அப்புறம் பாட்டில் மூடி திறக்கும் சத்தம். அத்தை படியில் ஏறி வந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்:

"சம்பந்தி, உங்களுக்கும் அரை சொம்பு வெச்சிருக்கேன். பேடா பங்குக்கும் சேத்து ஊத்திக்குங்க."